நோட்டுல இருக்கு, மெஷின்ல இல்ல

ஒரு வழியா புது மஞ்சள் நட்டு முடிச்சாச்சு. பாத்தி எடுத்து, வெதை மஞ்சள் ஊனி, ஊடால வெங்காயமும் போட்டாச்சு. இனி களை வெட்டற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

சென்னையில இருக்கிற பழைய நண்பர் ஒருத்தர் ஃபோன்ல பேசும்போது, "மாடு, மஞ்சள், மழைன்னு எல்லாத்தையும் எழுதறே. எட்டு வருஷம் பெங்களூர்ல சி புரோகிராம் எழுதினியே, அதைப் பத்தி ஒரு வரி எழுதினதில்லையே"ன்னு கேட்டார். அப்பா தவறினதும் தோட்டத்தைப் பாக்க வந்தவன், அப்படியே தங்கிட்டேன். அந்த வேலை முடிஞ்சு போச்சுன்னுதான் நானும் நெனைச்சேன். ஆனா ஊருக்குள்ள 'பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாத்தவன்'ங்கிற பேர் ஒட்டிக்கிச்சு. காலேஜ்ல சேர்ற புள்ளைங்க பல பேருக்கு சி பாடம் ஒண்ணு வந்துருது. அதுல சிக்கினா நேரா நம்ம தோட்டத்துக்கு வந்துடறாங்க.

மாசி மாசம் மஞ்சள் வேகவெச்சிட்டு இருந்த ஒரு சாயங்காலம், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அவர் பொண்ணைக் கூட்டிட்டு வந்தார். "தம்பி, பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பாடம் ரெண்டும் போயிருச்சாமா. தியரி, லேபு ரெண்டுமே. என்னன்னு கொஞ்சம் பாருப்பா" அப்படின்னார். அந்தப் பொண்ணு ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஊர் ஸ்கூல்ல நல்ல மார்க். ஃபீஸ் கட்ட அண்ணன் போன வருஷம் கறவை எருமை ஒண்ணை வித்தது எனக்குத் தெரியும். 'ஃபெயிலானது போதும், மாப்பிள்ளை பாருங்க'ன்னு வீட்டுல பாட்டி ஆரம்பிச்சிருச்சுன்னு அண்ணன் மெதுவாச் சொன்னார். அந்தப் பொண்ணு தலையைத் தூக்கவே இல்ல.

"என்ன கண்ணு பிரச்சனை?"

"புரோகிராம் வரமாட்டேங்குதுங்க சித்தப்பா."

இதைக் கேக்காத நாளே கிடையாது. வரமாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்? கம்பைல் ஆகலையா? ஆகி, ஓடாம நின்னுருதா? ஓடி, தப்பான விடை வருதா? மூணும் மூணு வேற வேற நோய். கால்நடை டாக்டருக்கு ஃபோன் போட்டு 'மாடு சரியில்லைங்க'ன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவார்? எப்ப இருந்து, தண்ணி குடிக்குதா, அசை போடுதா, சாணி எப்படி இருக்குன்னு வரிசையாக் கேப்பார்ல? அதே கேள்விதான் இங்கேயும். என்ன குடுத்தே, என்ன வரும்னு நெனைச்சே, என்ன வந்துச்சு?

நோட்டை எடுத்து நீட்டினா. அஞ்சு பாட மார்க்கை வாங்கி சராசரி போடற புரோகிராம். குண்டு குண்டா அழகான கையெழுத்து. ஒரு பக்கம் மஞ்சள் கொப்பரைக்கு அடுப்பு எரியுது, அந்த வெளிச்சத்துல அரை மணி நேரம் பாக்கறேன், ஒரு தப்பும் கண்ணுல படலை. அப்பதான் தோணுச்சு. "இதேதான் அடிச்சியா? லேப்டாப் எங்க?"

கவர்மெண்ட் குடுத்த லேப்டாப் பையிலதான் இருந்துச்சு. திறந்து பாத்தா, ஸ்கேன்எஃப்ல மாறிக்கு முன்னாடி போடற ஆம்பர்சண்ட், முறுக்கு மாதிரி இருக்குமே அந்தக் குறி, அது இல்ல. நோட்டுல இருக்கு, மெஷின்ல இல்ல. போர்டுல இருந்து பாத்து எழுதினது நோட்டு. தானா யோசிச்சு அடிச்சது மெஷின். ரெண்டும் ஒண்ணுன்னு அவ நம்பிட்டு இருந்திருக்கா.

அன்னைக்கு நானும் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். யார் வந்தாலும் இப்ப நோட்டைத் தொடறதே இல்ல. எது ஓடலையோ அதைத்தான் பாப்பேன்.

அந்தக் குறியை ஒரு நொடியில நானே போட்டுக் குடுத்திருக்கலாம். போடலை. அதுக்குக் காரணம் இன்னொரு பையன்.

நாலு வருஷம் முந்தி, நான் ஊருக்கு வந்த புதுசு. கீழத் தெருப் பையன் ஒருத்தன் இதே மாதிரி வந்தான். அவங்கம்மா நம்ம தோட்டத்துலதான் களை வெட்டும். எனக்கும் கை துருதுருன்னு இருந்துச்சு. ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டிய புரோகிராம் அத்தனையும் ரெண்டு ராத்திரி உக்காந்து சுத்தமா எழுதிக் குடுத்தேன். உதவி பண்றேன்னு நெனைப்பு. உள்ளதைச் சொல்லணும்னா, 'இன்னும் கை மறக்கலை'ன்னு எனக்கு நானே காட்டிக்கிட்ட பெருமையும் அதுல இருந்துச்சு. ரெக்கார்டுக்கு முழு மார்க் வாங்கினான். பிராக்டிகல்ல வந்த ஆசிரியர் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். நான் எழுதினது ஏறு வரிசையில அடுக்கற புரோகிராம், அவர் இறங்கு வரிசை கேட்டார். ஒரே ஒரு குறியைத் திருப்பிப் போட்டா முடிஞ்சிருக்கும். அது எந்தக் குறின்னு அவனுக்குத் தெரியலை. மூணு மணி நேரம் அப்படியே உக்காந்துட்டு வந்திருக்கான். அடுத்த தடவையும் அதே கதை. அப்புறம் காலேஜுக்குப் போறதையே விட்டுட்டான்.

போன வருஷம் மஞ்சள் மண்டியில மூட்டை ஏத்திட்டு நின்னவனைப் பாத்தேன். ஓடி வந்தான். "நல்லா இருக்கீங்களாங்ணா? நீங்க ஒருத்தர்தாங்ணா அன்னைக்கு எனக்கு அத்தனையும் எழுதிக் குடுத்தீங்க"ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்றான். திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல.

அதனால இந்தப் பொண்ணு விஷயத்துல கீபோர்டைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். தினம் சாயங்காலம் பால் கறந்து ஊத்திட்டு வந்ததும் ஒரு மணி நேரம். அவ அடிப்பா, நான் கேள்வி மட்டும் கேப்பேன். சில நாள் எனக்கே பொறுமை போயிரும். தப்பு கண்ணு முன்னாடி நிக்கும், அவ வேற எங்கியோ தேடிட்டு இருப்பா. எழுந்து போய் மாட்டுக்குத் தட்டு போட்டுட்டு வருவேன்.

முதல்ல பயம் போகணும். பிழைச் செய்தி இங்கிலீஷ்ல சிவப்பா வந்தாலே ஜன்னலை மூடிருவா. பதினாலாவது வரியில தப்புன்னு அது சொல்லும், இவ பதினாலாவது வரியையே முறைச்சுப் பாத்துட்டு இருப்பா. அதுல ஒண்ணும் இருக்காது. பதிமூணாவது வரி முடிவுல அரைப்புள்ளி விட்டுப் போயிருக்கும். கம்பைலருக்கு அடுத்த வரிக்கு வந்த பின்னாடிதானே தெரியும். "கண்ணு, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா உங்கப்பா கடைமடையிலயேவா நிப்பாரு?"ன்னு கேட்டேன். "மேல போய் எங்க உடைச்சிருக்குன்னு பாப்பாருங்க"ன்னா. அதுக்கப்புறம் அவ அந்த விஷயத்துக்கு என்கிட்ட வந்ததே இல்ல.

இப்படி நம்ம ஊர்ச் சமாச்சாரம் பலது கை குடுத்துச்சு. ரெண்டு எண்களை இடம் மாத்தற ஃபங்ஷன் எழுதி, மாறவே மாட்டேங்குதுன்னு வந்தா. "பட்டாவை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸ்ல பேரை அடிச்சு வேற பேர் எழுதினா தாலுகா ஆபீஸ்ல மாறுமா?"ன்னேன். சி மொழியில ஃபங்ஷனுக்குப் போறது வெறும் நகல்தான். கொஞ்ச நேரம் யோசிச்சவ, "அப்ப சர்வே நம்பரைக் குடுத்தா அவங்களே நேரா நிலத்துக்குப் போய் மாத்திருவாங்களாங்க?"ன்னு கேட்டா. பாயிண்டர் அவ்வளவுதான். ஆம்பர்சண்ட் எதுக்குன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஸ்கேன்எஃப் மார்க்கைக் கொண்டுபோய் வைக்க இடம் தெரியணும்ல. அதே மாதிரி பத்து இடம் இருக்கிற அரேல பதினோராவது இடத்துல எழுதறது, வரப்பைத் தாண்டி அடுத்தவன் வயல்ல நாத்து நடற கதை. சி ஒரு வார்த்தை தடுக்காது. சண்டை அப்புறம் வேற எங்கியோ வெடிக்கும்.

எல்லாத்தையும் விட நான் ரசிச்சது ஃபேக்டோரியல் வந்த அன்னைக்கு.

ரெண்டு நாளா முகம் வாடிக் கிடந்தா. காலேஜ் லேப்ல ஃபேக்டோரியல் புரோகிராம் போட்டிருக்கா. ஏழு குடுத்தா 5040, சரி. எட்டு குடுத்தா மைனஸ் 25216. பெருக்கல்ல மைனஸ் எங்க இருந்து வருது? ஃபார் லூப்பை மாத்தி, வொயில் லூப் போட்டு, திரும்பத் திரும்ப அடிச்சு, அதே மைனஸ். கூட இருந்த பசங்க சிரிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து அதே புரோகிராமைத் தன் லேப்டாப்ல போட்டா 40320ன்னு சரியா வருது!

"சித்தப்பா, வீட்டுல சரியா வருது, காலேஜ்ல தப்பா வருதுங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

அவ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. அந்த லேப்ல இன்னும் டர்போ சி. 1987ல வந்த சரக்கு, அந்த நீலத் திரையை நானும் படிக்கும்போது பாத்திருக்கேன். அதுல இன்ட்டுக்குப் பதினாறு பிட்டுதான். 32767க்கு மேல புடிக்காது. உங்கப்பா டிவிஎஸ் வண்டி மீட்டர் முழுக்க ஒம்பது வந்த பின்னாடி என்ன ஆகும்னு கேட்டேன். "மறுபடி சைபர்ல இருந்து வருங்க." இங்க சைபருக்குப் போகாம மைனஸ் பக்கம் போய் விழுது, அவ்வளவுதான் வித்தியாசம். 40320ல இருந்து 65536ஐக் கழிச்சுப் பாருன்னேன். நோட்டு ஓரத்துல கழிச்சா. மைனஸ் 25216. அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அதோட விடலை. "உன் லேப்டாப்ல மட்டும் மீட்டருக்கு முடிவே இல்லையா?"ன்னு கிளப்பி விட்டேன். ஒவ்வொண்ணாப் போட்டுட்டே போனா. பன்னெண்டுக்கு 479001600. பதிமூணுக்கு 1932053504. "சரியாத்தானுங்க வருது, மைனஸ் இல்லையே"ன்னா. நான் பேசலை. போய் அடுப்புல விறகைத் தள்ளிட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா பென்சிலை எடுத்துப் பன்னெண்டோட விடையைப் பதிமூணால பெருக்கிட்டு இருக்கா. 6227020800. மெஷின்ல இருக்கிறதோ அதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல.

"மைனஸ் வந்தாத் தப்புன்னு கண்டுபுடிச்சிரலாம். இது சரி மாதிரியே இருக்குதுங்களே சித்தப்பா. இதை யாரு பாப்பாங்க?"

பெங்களூர்ல இந்தக் கேள்வியை நான் கேக்க ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. அதுவும் ஒரு கருவி தப்புக் கணக்குக் காட்டி, வாடிக்கையாளர்கிட்ட திட்டு வாங்கின பின்னாடி.

டென்னிஸ் ரிட்சி 1972 வாக்குல பெல் லேப்ஸ்ல இந்த மொழியை உருவாக்கினப்ப, என்ன பண்றோம்னு தெரிஞ்சவங்களுக்காகத்தான் உருவாக்கினார். வரப்பு தாண்டாதே, மீட்டர் சுத்திருச்சுன்னெல்லாம் அது சொல்லாது. அதைப் போய் முதல் முதலாக் கம்ப்யூட்டரைத் தொடற புள்ளைக்கு முதல் பாடமா வெக்கறது சரியான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். அதுலயும் 2011ல சி தரத்துல இருந்தே தூக்கின கெட்ஸ் ஃபங்ஷனை இன்னும் நோட்டுல எழுத வெக்கறாங்க. சரி, அதைப் பேச ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது.

சித்திரை கடைசியில பரீட்சை. லேப்ல ஒரு அரேல இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபுடிக்கச் சொன்னாங்களாம். எழுதி ஓட்டிக் காட்டிட்டு, அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே, "எல்லா நம்பரும் ஒண்ணா இருந்தா இது தப்பா வருங்க சார், அதுக்கு நேரம் பத்தலை"ன்னு சொல்லியிருக்கா. "ஏன் கண்ணு நீயே போய்ச் சொன்னே?"ன்னு அவங்கம்மாவுக்குக் கோவம். எனக்கு ரொம்ப சந்தோஷம். போன வாரம் ரிசல்ட். ரெண்டுமே பாஸ். தியரியில மார்க் கரையை ஒட்டித்தான் இருக்கு. பாட்டி இன்னும் மாப்பிள்ளை பேச்சை விடலை, ஆனா சத்தம் குறைஞ்சிருக்கு.

அண்ணன் ஒரு தார் பூவன் கொண்டு வந்து திண்ணையில வெச்சுட்டு, "இதைப் படிச்சா வேலை கிடைச்சிருமா தம்பி?"ன்னு கேட்டார். என்ன சொல்றதுன்னு தெரியலை. "நல்லாப் படிக்கறாங்ணா"ன்னு மட்டும் சொன்னேன்.

அந்தப் பையனையும் போய்ப் பாத்தேன். அரியர் எழுத இன்னும் அவகாசம் இருக்கு, சாயங்காலம் வாடா, இந்தத் தடவை நான் ஒரு எழுத்துகூட எழுதித் தர மாட்டேன், உக்காந்து பாக்கலாம்னேன். சிரிச்சான். "லோடு இருக்குதுங்ணா, ஞாயித்துக்கிழமை வர்றேன்"னான். வரலை. லாரி சேலம் போயிருக்குன்னு அவங்கம்மா களை வெட்டும்போது சொல்லுச்சு. என் பழைய லேப்டாப்பைத் துடைச்சு சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கும் ஞாயித்துக்கிழமைதான்.