சர்வருக்குப் போன லாரி வேலை

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தின் லாரி ஒர்க்‌ஷாப்கள் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் லோடுகளை நம்பி வளர்ந்தவை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வடமாநிலங்களுக்குச் சரக்கு ஓடும்போது ஒரு வண்டி நின்றால் வாடகை போவதோடு அடுத்த லோடும் கைமாறிவிடும். அதனால் கோளாறை விரைவாகக் கண்டுபிடிப்பவரே இங்கே நல்ல மெக்கானிக் என்று பெயரெடுத்தார். புகையின் நிறம், நாசில் தட்டும் சத்தம், ஆக்சிலேட்டரை விட்டபின் ஆர்.பி.எம். இறங்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்தே பம்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவானது. இன்லைன் பம்புக்கு டைமிங் பிடித்து, நாசிலை 200 பார் அளவில் செட் செய்து, பம்ப் ரூமில் காலிபரேஷன் பார்த்துவிட்டால் வண்டி பழையபடி இழுக்கும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

பி.எஸ்.6 மாசு விதி 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. காமன் ரெயில் அதற்கு முன்பே வந்திருந்தது. 1,600 பாருக்கு மேல் வேலை செய்யும் இன்ஜெக்டரைக் காதால் மட்டும் எடைபோட முடியாது என்பதை ஒர்க்‌ஷாப்காரர்கள் அப்போதே ஏற்றுக்கொண்டார்கள். அதை மாற்றினால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை இன்ஜினின் கணினியான ஈசியூவில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஐடிலிங் சீராக இருக்காது, புகை தள்ளும். புதிய வண்டிகளில் இதுபோன்ற வேலைகள் பலவும் கம்பெனி மென்பொருளில் லாகின் செய்து, இணைய இணைப்போடு முடிக்க வேண்டியவை. கழற்றி மாட்டும் நேரத்தைவிட அந்த லாகினுக்குக் காத்திருக்கும் நேரம் அதிகமாகிவிடுகிறது.

வண்டிக்குள் சிம் பொருத்திய ஒரு பெட்டி இருப்பிடம், வேகம், டீசல் அளவு, கோளாறுக் குறியீடு எல்லாவற்றையும் கம்பெனி சர்வருக்கு அனுப்பியபடி இருக்கிறது. டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் போன்றவை அதை ஓனரின் செல்போனுக்குக் கொண்டுவருகின்றன. நாக்பூர் தாபாவில் டேங்க் அளவு சட்டென்று இறங்கினால் சிவகாசியில் தெரிந்துவிடும். டீசல் கணக்கில் ஓனருக்கும் டிரைவருக்கும் இருந்த பழைய சண்டைகள் இதனால் குறைந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே திரை டிரைவர் பிரேக் அடிப்பதையும் எண்ணிக் காட்டுகிறது. எந்தச் சாலை, எவ்வளவு லோடு என்று பார்க்காத ஓனர் அந்த எண்ணிக்கையை வைத்தே டிரைவரைத் திட்டுகிறார்.

இந்த வட்டாரத்து ஒர்க்‌ஷாப்களை அதிகம் சோதிப்பது யூரியாக் கரைசல்தான். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) குறைக்க எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்டுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் தெளிக்கப்படும் அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். நாக்ஸ் சென்சார்களின் கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் விளக்கு எரியும்; பிறகு இன்ஜினின் இழுவிசையில் (டார்க்) 25 சதவீதம் குறையும்; அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வண்டி 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. சாத்தூருக்கு முன்னால் முழு லோடோடு இப்படி ஊர்ந்து வரும் வண்டியில் ஸ்கேனரைச் செருகினால், கேட்டலிஸ்டின் திறன் குறைவு என்றோ நாக்ஸ் சென்சார் கோளாறு என்றோ குறியீடு காட்டும். ஸ்கேனரோடு தொழிலுக்கு வந்தவர் உடனே சென்சாரை மாற்றச் சொல்கிறார். மலிவான பொருளில்லை அது. மாற்றியதும் விளக்கு அணையும். அடுத்த டிரிப்பில் மறுபடி எரியும்.

கோளாறின் மூலம் பெரும்பாலும் யூரியா டேங்கில் இருக்கிறது. கரிசல் பூமியின் உவர்ப்பான போர் தண்ணீரில் கலக்கிய கரைசலைக் கேனில் அடைத்து விற்பவர்கள் உண்டு. வயலுக்குப் போடும் யூரியாவையே கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு. 2015 முதல் அந்த யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. உப்பும் எண்ணெயும் கேட்டலிஸ்டில் படிந்துவிட்டால் எந்த ரீசெட்டும் அதைக் கழுவாது. ஒழுங்காகத் தயாரித்த கரைசலும் வெயிலில் கெடும். ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தின்படி 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதமே தாங்கும். அதற்கும் மேலே போனால் ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே ஊற்ற வேண்டும். சித்திரை, வைகாசி முழுக்கத் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்த கேனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முறையாகப் பார்ப்பவர் ஒரு சொட்டு கரைசலை ரிஃப்ராக்டோமீட்டரில் வைப்பார். கரைசலைத் தெளிக்கும் டோசரைக் கழற்றி அதில் வெள்ளைக் கட்டி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். தெளிக்கும் அளவை ஜாடியில் பிடித்து அளப்பார். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பு எங்காவது கசிகிறதா என்று தடவிப் பார்ப்பார். அங்கே காற்று புகுந்தால் சென்சார் சொல்லும் எண்ணே தவறாகிவிடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் சென்சார் மீது சந்தேகம் வர வேண்டும். டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியும். எந்தக் கேனிலிருந்து ஊற்றியது என்பது தெரியாது. தரம் பார்க்கும் சென்சார் உள்ள வண்டிகளிலும் அது முக்கியமாகச் செறிவையே அளக்கிறது.

பட்டாசு லோடுக்கே உரிய சிக்கல் டி.பி.எஃப். வடிகட்டியில் இருக்கிறது. கரி நிறைந்ததும் மென்பொருள் தானாகவே ரீஜெனரேஷனைத் தொடங்கி, எக்ஸாஸ்ட் வாயுவை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அந்தக் கரியை எரிக்கிறது. பின்னால் இருப்பது காலண்டரா சரவெடியா என்பது அதற்குத் தெரியாது. ரீஜெனரேஷனைத் தடுத்து வைக்கும் சுவிட்ச் உள்ள வண்டிகளில், லோடு ஏற்றும் இடத்துக்குள் நுழையும் முன்பே டிரைவர் அதை அழுத்த வேண்டும். ஆலைக்கு ஆலை நின்று பண்டல் ஏற்றும் ஓட்டத்தில் கரி சீக்கிரம் சேரும். திரும்பத் திரும்பத் தடுத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே காலி வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஸ்கேனர் மூலம் ரீஜெனை முடித்து, ஆறவிட்ட பிறகே லோடுக்கு அனுப்புவது சரியான முறை. சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு கடமை முடிந்த காலம் போய்விட்டது. வாசலில் டிரைவரின் செல்போனை வாங்கி வைக்கும் ஆலைக்குள் வண்டியின் சிம் பேசிக்கொண்டே போகிறது என்பது இன்னொரு வேடிக்கை.

கருவிகளையும் தகவலையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்ய உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. லாரிகள் அதில் வரவும் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. அதில் கையேடும் சேவை மைய முகவரியும் கிடைக்கும். சாலையோர ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய லாகின் கிடைக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020 நவம்பரில், வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் பழுதுபார்ப்பவருக்குத் திறந்துவிட மக்கள் வாக்களித்தார்கள். பிரச்சினை சிவகாசிக்கு மட்டும் உரியதில்லை.

பயிற்சியின் நிலைமை இன்னும் மோசம். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் படிப்பு ஓராண்டு. அதை முடித்து வருபவர் முன்பு பம்ப் ரூமில் பல வருடம் டெஸ்ட் பெஞ்ச் துடைத்த பிறகே நாசில் தொட்டார். இப்போது மலிவு ஸ்கேனர் ஒன்றை வாங்கியதும் போர்டு மாட்டிவிடுகிறார். குறியீட்டை அழிப்பதையே பழுது நீக்கியதாகக் கணக்குக் காட்டி ரூபாய் வாங்குவதும், யூரியாவே கேட்காதபடி ஈசியூவை ஏமாற்றும் எமுலேட்டரை மாட்டிக் கொடுப்பதும் பெருகியுள்ளன. பின்னது சட்டப்படியும் தவறு.

பழைய பி.எஸ்.6 லாரிகள் கைமாறத் தொடங்கியிருப்பதால் ஒரு வேலை கூடியிருக்கிறது. ஆர்.சி. பெயர் மாற்றும்போதே கம்பெனி சர்வரில் உள்ள கணக்கையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் வண்டியின் எச்சரிக்கைகள் விற்றவரின் செல்போனுக்கே போய்க்கொண்டிருக்கும். வாங்கியவருக்கு டேஷ்போர்டு விளக்கு மட்டுமே மிஞ்சும். விலை பேசும் முன்பு பழைய கோளாறுப் பதிவை விற்பவரின் கணக்கிலேயே திறந்து காட்டச் சொல்வதும், டோசரைக் கழற்றிப் பார்ப்பதும், ஈசியூ வயரிங்கில் எமுலேட்டர் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதும் இப்போது இன்ஜின் ஆயில் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை.