சிறு படகும் ரேடாரின் கண்ணும்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. அன்று ரேடார் இல்லை. இன்று அவ்வளவு பெரிய கப்பல் வெகு தொலைவிலேயே அகப்பட்டுவிடும். ஆனால், 5 மீட்டர் நீளமுள்ள படகு வந்தால்? அங்கேதான் ரேடார் தடுமாறுகிறது.

ரேடார் வானொலி அலைகளை அனுப்பி, ஒரு பொருளின்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெறுகிறது. தொலைவு இரு மடங்கானால், திரும்பி வரும் ஆற்றல் 16-இல் ஒரு பங்காகிவிடும். எஃகு நன்கு எதிரொலிக்கும். மரமும் கண்ணாடியிழையும் அவ்வாறல்ல. போதாக்குறைக்குக் கடல் அலைகளும் எதிரொலிக்கின்றன. அந்த இரைச்சலை அடக்கினால், அதனுடன் சிறு படகும் திரையிலிருந்து மறைந்துபோகும். சந்தைக் கூச்சலில் மெல்லப் பேசுபவன் குரல் அமுங்குவது போலத்தான் இதுவும்.

இதன் விளைவை உலகம் கண்டுவிட்டது. உக்ரைனின் மகுரா என்னும் ஆளில்லாப் படகின் நீளம் 5.5 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் தெரிவது அரை மீட்டரே. வேகமோ மணிக்குச் சுமார் 78 கிலோமீட்டர்! 5 கிலோமீட்டர் தொலைவில் கண்டுகொண்டாலும், தற்காத்துக்கொள்ள 4 நிமிடங்கூடக் கிடைக்காது. 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் ரஷ்யாவின் இவானோவெத்ஸ் ஏவுகணைக் கப்பலை இத்தகைய படகுகளே கருங்கடலில் மூழ்கடித்தன.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் என் தாய்மாமன். எங்கள் செம்மங்குப்பத்துக்குக் கிழக்கே கடல். மாமா இரவில் பைபர் படகில் சென்று வலை விடுகிறவர். நான் இயற்பியல் படிப்பதால் ஒருநாள் கேட்டார்: "மாப்ளே, கப்பலு வர்றது எங்களுக்குத் தெரியுது. நாங்க இருக்கிறது கப்பல்காரனுக்குத் தெரியுமா?"

ரேடாருக்கு மாமாவின் படகும் அந்த ஆளில்லாப் படகும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று மறைந்து வர விரும்புகிறது; மற்றது தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புகிறது. இரண்டும் கண்ணில் படுவதில்லை.

காட்டிக்கொள்ள விரும்புகிறவருக்கு எளிய வழி உண்டு. மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒரு மூலைபோல் இணைத்தால், அதற்குள் வரும் அலை வந்த திசையிலேயே திரும்பும். 30 சென்டிமீட்டர் தகடுகளையும் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தையும் கொண்டு கணக்கிட்டேன். 30 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட எதிரொலிப் பரப்பு கிடைத்தது! எத்திசையிலிருந்தும் தெரிய, இத்தகைய பல மூலைகளைச் சேர்த்துக் கம்பத்தில் கட்ட வேண்டும். இதை மாமாவுக்குப் படம் வரைந்து விளக்கினேன்.

மீனவரைக் காப்பதும் கரையைக் காப்பதும் வெவ்வேறு வேலைகளல்ல. நேர்மையான படகுகளெல்லாம் தம்மைக் காட்டிக்கொண்டால், ஐயப்பட வேண்டியவை குறையும். 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் ரப்பர் படகில் வந்திறங்கிய பயங்கரவாதிகளைக் கரையில் கண்டு, யாரென்று கேட்டவர்கள் மீனவர்களே. பிறகுதான் கலங்கரை விளக்கங்களில் கண்காணிப்பு ரேடார்கள் எழுந்தன. கடலைக் காக்கும் அந்தக் கண்களுக்கு முதலில் நம் மீனவர் தெரியட்டும்.