பென்ஷனும் யானைப் பள்ளத்தாக்கும்

கண்டியில் பென்ஷன் எடுத்தவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. கோயில் பரிபாலன சபையில் சேர்ந்து சண்டை பிடிக்கலாம். இல்லாவிட்டால் காலையில் வாவியைச் சுற்றி நடந்து, பிரஷர், சீனி என்று நாலு பேரோடு கதைத்துவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டில் வந்து குந்தலாம். அதற்குப் பிறகுதான் பொழுது கனக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நான் ஃபிராக்டல் படம் போடுகிறேன், நாளுக்கு ஒன்று.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பூச்சியத்தில் தொடங்குங்கள். அதை வர்க்கித்து, விரும்பிய ஓர் எண்ணைக் கூட்டுங்கள். வருகிற விடையை மறுபடி வர்க்கித்து அதே எண்ணைக் கூட்டுங்கள். அந்த எண் 1 என்றால் 1, 2, 5, 26 என்று பிய்த்துக்கொண்டு ஓடும். −1 என்றால் −1, 0, −1, 0 என்று அங்கேயே கிடந்து ஆடும். ஓடாத எண்ணுக்குக் கறுப்பு. ஓடுகிற எண் 2-ஐத் தாண்ட எத்தனை சுற்று எடுத்தது என்று பார்த்து அதற்கொரு நிறம். சிக்கலெண்களையும் சேர்த்தால் எண்கோடு தளமாகிவிடும். தளத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இதே சோதனைதான். கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

விசேஷமெல்லாம் எல்லையில்தான். 0.25 ஓடாது, மெல்ல மெல்ல 0.5-க்குக் கிட்டப் போய் அடங்கிவிடும். 0.26 ஓடும், ஆனால் 30 சுற்று எடுக்கும். 0.2501-க்கு 312. 0.250001-க்கு 3140. வட்டமே இல்லாத இடத்தில் பையின் (π) இலக்கங்கள் தலைகாட்டுகின்றன! இதை 1991இல் கண்டவர் டேவிட் போல். இந்தப் பக்கத்துக்கு யானைப் பள்ளத்தாக்கு என்றே பெயர். பெரிதாக்கினால், துதிக்கையைச் சுருட்டிய யானைகள் வரிசையாக, போகப் போகச் சிறுத்துக்கொண்டே நிற்கும். தலதா வீதியில் நின்று எசல பெரஹெரா பார்த்த கண்ணுக்கு அந்த வரிசை புதிதல்ல.

சமன்பாட்டில் கைவைக்க எனக்கு இடமில்லை. அது எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த இடத்தைப் பெரிதாக்குவது, எந்த எண்ணிக்கைக்கு எந்த நிறம் என்ற இரண்டும்தான் என் பாடு. புதிதாக வருகிறவர்கள் வானவில் முழுவதையும் கொட்டிவிடுவார்கள்; கண் கூசும். நான் மூன்று நிறத்துக்கு மேல் எடுப்பதில்லை. சட்டென்று ஓடிப்போன புள்ளிகளுக்கு மங்கிய நீலம். அவற்றில் பார்க்க ஒன்றுமில்லை. அடுத்ததற்குத் தேயிலைக் கொழுந்தின் பச்சை. கறுப்பை ஒட்டி, ஓடலாமா நிற்கலாமா என்று நெடுநேரம் இழுபட்ட புள்ளிகளுக்கு மஞ்சள், அதுவும் ஒரு கீற்றளவு. மஞ்சளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் துதிக்கையின் சுருள் கரைந்துவிடும். பின்னுக்கு இழுத்தால் சுருள் இருக்கும், பச்சைக்குள் தெரியாது. சரியான அந்த இடத்தைத் தேடுவதற்குள் நாலு மணித் தேத்தண்ணி வந்துவிடும். முழங்கால் வலி அதுவரை ஞாபகத்துக்கே வராது.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெனுவா மாண்டல்புரோ 1980இல் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இந்த உருவத்தைக் கணினியில் பார்த்தபோது அவருக்கு 55 வயது. நம் அரச சேவையில் விரும்பினால் பென்ஷன் எடுத்துக்கொண்டு போகிற வயது! அவருக்கு முன்னே வழிவெட்டிய காஸ்தோன் ஜூலியா, முதலாம் உலகப்போரில் மூக்கை இழந்து, ஆயுள் முழுக்க முகத்தில் தோற்பட்டி கட்டியிருந்தவர். 1918இல் 199 பக்க ஆய்வை வெளியிட்டார், 1978இல் இறந்தார். இன்று பேரப்பிள்ளையின் போனில் ஓடுகிற இந்த வர்ணங்களை அவர் பார்க்கவில்லை. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கும் இந்தக் கிறுக்கு இருந்தது. 1990இல் வந்த நாவலில் ஓர் ஏரியையே இந்த உருவத்தில் வெட்டவைத்தார். 1995இல் இதைப் பற்றிய ஆவணப்படத்தைத் தொகுத்து வழங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

பென்ஷன் காசில் கைவைக்கத் தேவையில்லை. எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று எழுத்துக்கூட்டித் தேடினால் கிடைக்கிற மென்பொருள் இலவசம். பழைய மடிகணினியிலும் ஓடும். போட்டுத்தரச் சொல்லி வீட்டிலுள்ள பிள்ளையிடம் கேளுங்கள். கறுப்பு உருவத்தின் வலது பக்கம், உள்ளே குழிந்த மூலையில் சுட்டியை வைத்துப் பெரிதாக்குங்கள். யானைகள் அங்கேதான் நிற்கின்றன.