பின்னால் ஒரு கையெழுத்து

கண்டி, கொழும்பு வீதி. பகல் பதினொரு மணி. பாதி வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும் லொறியிலிருந்து நாட்டாமைகள் சீனி மூட்டை இறக்குகிறார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. மொத்தக் கடைக்குள் செத்தல் மிளகாயும் மாசியும் கலந்த நெடி. புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டுதான் நுழைகிறார்கள். முதலாளிக்கு அது பழகிப்போய் நாற்பது வருடமாவது இருக்கும்.

மேசையில் லங்கா கியூஆர் அட்டை. அதில் சாய்ந்தபடி செக் புத்தகம், ரப்பர் முத்திரை, மை காய்ந்த பேட். பேராதனையில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருநூறு கிராம் மாசி வாங்கி, அட்டைக்கு நேரே போனைப் பிடிக்கிறார்கள். மகன் தன் போனைப் பார்த்துத் தலையசைக்கிறான். முதலாளி நிமிரவில்லை. “சில்லறைக்கு அது நல்லது” என்கிறார், யாரும் கேட்காமலே.

தோளில் பையோடு ரெப் வருகிறான். பிஸ்கட்டோ சவர்க்காரமோ, ஏதோ ஒரு கம்பனி.

“மொதலாளி, இந்த மாசத்துல இருந்து செக் வேணாங்கிறாங்க. ட்ரான்ஸ்ஃபர் போடச் சொல்றாங்க.”

“போட்டுட்டாப் போச்சு. தேதி எத்தனைக்கு?”

“ட்ரான்ஸ்ஃபருக்கு ஏது மொதலாளி தேதி? இன்னைக்குத்தான்.”

“அப்ப எனக்குச் சரிவராது தம்பி. உக்காருங்க, டீ குடிங்க.”

ரெப் உட்காருகிறான். பின்னொரு தேதிக்குப் பணம் அனுப்பச் சொல்லி வைக்கும் வசதி வங்கிச் செயலியிலும் இருக்கிறது. நினைத்தால் அதை அழித்தும் விடலாம் என்பதால், அதை நம்பி யாரும் மூட்டை இறக்குவதில்லை.

இந்தக் கடையின் சரக்கு கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் போகிறது. அங்கே தோட்டத்து ஆட்கள் கொப்பியில் எழுதிவைத்துச் சாமான் எடுக்கிறார்கள். மாதம் பத்தாந்தேதி சம்பளம். அதன் பிறகுதான் பாக்கி தீரும். சின்னக் கடைக்காரர் கையில் காசு சேர்ந்து, அது மலையிறங்கி இங்கே வர இன்னும் ஒரு வாரம். முதலாளி செக்கில் போடுகிற தேதி இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. இங்கே செக்கை வெறும் பணம் கட்டுகிற தாள் என்று நினைப்பவர்கள் கொழும்பில் ஏசி அறையில் இருக்கிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். அது நாற்பத்தைந்து நாள் தவணை.

ஒரு காலத்தில் வெளியூர் செக் மாற நாட்கணக்காகும். அந்த நாட்களையும் சேர்த்துத்தான் யாபாரம் ஓடியது. 2006இல் லங்கா கிளியர் நிறுவனம் செக்கைப் படம்பிடித்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்ததும், போட்ட மறுநாளே காசு என்றாயிற்று. 2015க்குப் பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போயா தினத்தன்றுகூட உடனுக்குடன் போகிறது. காசு போகும் வேகம் கூடிவிட்டது. பத்தாந்தேதிச் சம்பளம் மட்டும் பத்தாந்தேதியில்தான் நிற்கிறது.

ஐரோப்பாவில் முன்பு செக்கோடு ஓர் அட்டையும் காட்டுவார்கள். கணக்கில் பணமில்லாவிட்டாலும் குறித்த தொகைவரை வங்கி கொடுத்தே தீரும். யூரோசெக்கின் அந்த உத்தரவாதம் 2001 முடிவோடு நின்றது. பிரித்தானியாவின் அட்டை 2011 ஜூன் 30இல் போனது. 2018க்குள் செக்கையே ஒழித்துவிடுவதாகவும் அங்கே ஒரு திட்டம் இருந்தது. முதியவர்களும் தொண்டு நிறுவனங்களும் போட்ட சத்தத்தில், அட்டை போன அடுத்த மாதமே அதைக் கைவிட்டார்கள். இந்தக் கடை மேசைக்கு அப்படி ஓர் அட்டை வந்ததில்லை. ஆள்தான் வருவார்.

வந்துவிட்டார். தெல்தோட்டைப் பக்கம் புதிதாகக் கடை போட்டிருக்கும் இளைஞன், கூடவே அவனுடைய மாமா. மாமாவுக்கு இதே வீதியில் இரும்புக் கடை. இளைஞன் செக்கை எழுதி இரண்டு கையாலும் நீட்டுகிறான். முதலாளி முன்பக்கத்தைப் பார்ப்பதோடு சரி. திருப்பிப் போட்டு, மாமா பக்கம் தள்ளுகிறார். பின்னால் கையெழுத்து வைப்பவர், செக் திரும்பினால் சட்டப்படியும் அகப்படுவார். 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம், கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் வீதிக்குப் பயம் சட்டத்தில் இல்லை. மாமா நாளைக்கும் இந்தக் கடையைத் தாண்டித்தான் தன் கடையைத் திறக்கப் போக வேண்டும்.

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து, பின்பக்கத்தை விட்டு முன்பக்கத்தைப் படிக்கிறார்.

“என்ன மருமகனே, பதினஞ்சுன்னு போட்டிருக்க? பத்தாந்தேதி சம்பளம். அதுக்குள்ள ஒரு போயா, ஒரு சனி ஞாயிறு. இருபதுன்னு போடு.”

இளைஞன் முதலாளியைப் பார்க்கிறான். முதலாளி கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். செக் கிழிபடுகிறது. புதிதாக ஒன்று, இருபதாந்தேதிக்கு. மாமா பின்னால் கையெழுத்து வைக்கிறார், தமிழில், கோணல்மாணலாக. ஐந்து நாளை விட்டுக்கொடுத்து முதலாளி வாங்கிக்கொண்டது என்ன என்பது அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் அறுந்துபோன வருடமும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியாக வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அப்போது செக்கை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கையிலே காசு, வாயிலே தோசை. “அந்த வருசம் என் சொந்தத் தம்பிக்கே நான் குடுக்கல” என்கிறார் முதலாளி. மாமா பதில் சொல்லவில்லை. அவரும் கொடுத்திருக்க மாட்டார்.

டீ முடிந்துவிட்டது. ரெப் வெளியே போய் மேனேஜரோடு பேசிவிட்டு வருகிறான். இந்த ஒரு தடவை பரவாயில்லையாம், செக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்களாம். முதலாளி எழுதுகிறார். ரெப் முன்னும் பின்னும் இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விடுகிறான். ஒரு நிமிடத்தில் கொழும்பிலிருந்து “ஓகே” வருகிறது. பில்லில் ‘45 நாள்’ என்று எழுதி, செக்கை மடிக்காமல் பைல் உறைக்குள் செருகுகிறான்.

“தம்பி,” முதலாளி கூப்பிடுகிறார். “போடுறதுக்கு முந்தின நாள் ஒரு கோல் எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க.”