ஏழரை மில்லி ரத்தத்தில் ஐந்து செல்கள்

முற்றிய மார்பகப் புற்றுநோயாளியின் கையில் ஊசி இறங்கியதும் முதலில் நிறையும் டியூப் இந்த லேபுக்கு வருவதில்லை. ஊசி துளைக்கும்போது தோலின் செல்கள் ஒன்றிரண்டு ரத்தத்தோடு கலந்துவிடலாம். அவையும் கணக்கில் ஏறிவிட்டால் முடிவே மாறிவிடும். அதனால் அந்த டியூப் வேறு பரிசோதனைக்குப் போகும், அடுத்தது இங்கே வரும். செல்கள் சிதையாமல் காக்கும் ரசாயனம் அதில் முன்பே இருக்கிறது. அறை வெப்பத்தில் 96 மணி நேரம் தாங்கும்.

"ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிடாதீங்கன்னு ரத்தம் எடுக்கிறவங்ககிட்ட சொல்லிட்டே இருப்போம்" என்றார் மூத்த டெக்னீஷியன்.

அவர்கள் தேடுவது, கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களை. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டுமே சுமார் 500 கோடி. ஏழரை மில்லியில் ஐந்து புற்றுச் செல்கள் இருந்தாலே நிலைமை கவலைக்குரியது. இப்படிப்பட்ட செல்களை 1869-லேயே மெல்போர்னில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தத்தில் பார்த்து எழுதிவைத்தார். அவற்றை எண்ணும் செல்சர்ச் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-ல்தான்.

டியூபைச் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவை நீக்கியதும் நுண்ணிய இரும்புத் துகள்கள் சேர்கின்றன. புற்றுச் செல்களின் மேலுள்ள எப்கேம் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அவற்றின் மேல் பூசப்பட்டிருக்கும். காந்தம் இழுக்கும், மற்றவை கழுவப்படும். அப்படியும் வெள்ளையணுக்கள் கணிசமாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றைப் பிரித்துக் காட்டச் சாயங்கள் உண்டு; புற்றுச் செல்லின் உடல் திரையில் பச்சையாகத் தெரியும்.

படம் எடுப்பது வரைதான் கருவியின் வேலை. இது புற்றுச் செல்தானா என்று சொல்ல வேண்டியவர் திரைமுன் அமர்ந்திருப்பவர். இந்தத் தொழிலின் நுட்பமே இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"அக்கா, இதை எண்ணலாமா?" என்றார் இளைய டெக்னீஷியன்.

"உட்கரு பச்சைக்குள்ள உட்கார்ந்திருக்கா பாரு. தனியா விலகி நின்னா விட்டுடு."

நான்கு மைக்ரானுக்குக் குறைந்தாலும் எண்ணக் கூடாது. வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 தெரிந்தாலும் கூடாது. இளையவர் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

2004-ல் வெளியான, 177 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஐந்தும் அதற்கு மேலும் இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது தெரிந்தது. அப்படியானால் எண்ணிக்கை இறங்காதவர்களுக்கு உடனே கீமோ மருந்தை மாற்றினால்? 2014-ல் வெளியான எஸ்0500 ஆய்வு அதைச் செய்து பார்த்தது, ஆயுள் கூடவில்லை. எண்ணியவர்களை இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை. மாற்றிக் கொடுத்த மருந்துக்கும் அந்த நோயை அடக்கும் வலு இருக்கவில்லை.

பூஜ்யம் வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. பரவும் வழியில் சில செல்கள் எப்கேமை இழந்துவிடுகின்றன. காந்தத்துக்கு அவை சிக்குவதில்லை. ஆகவே புரதத்தை நம்பாமல், செல்லின் அளவையும் அது நெளிந்து கொடுக்கும் தன்மையையும் வைத்துப் பிடிக்கும் பார்சார்டிக்ஸ் கருவி 2022-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. பிடித்த செல்லை வெளியே எடுத்து அதன் மரபணுவைப் படிக்கவும் இதில் வழி உண்டு. லேபில் இருந்த இருவரும் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.