ட்ரோல் பண்ணலாம் வாங்க!

ட்ரோலிங்னா ஒரு படம் ஊத்திக்கிட்டா உட்கார்ந்து மீம் போட்டுக் கலாய்க்கிறதுதானே? ஒரு நிமிஷம் பாஸ்! இன்டர்நெட் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்பே மீன்பிடிக்கிறவங்க அந்த வார்த்தையை வெச்சிருந்தாங்க. ஓடுற படகுக்குப் பின்னாடி தூண்டிலை இழுத்துக்கிட்டே போறதுக்குப் பேர்தான் ட்ரோலிங். குளத்தங்கரையில் தூண்டிலைப் போட்டுட்டு தேவுடு காக்கிற கதையே இல்லை. மீன் எங்கே இருக்கோ அங்கே நாம தேடிப் போகணும்.

இதை நேரில் பார்க்கணும்னா மிச்சிகன் ஏரிக்குப் போங்க. ஏரின்னதும் செம்பரம்பாக்கமும் வீராணமும் மனசுக்குள்ள வருதா? அழிச்சுடுங்க. அமெரிக்க மகா ஏரிகள் ஐந்தில், முழுசா அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பது இது ஒன்றுதான். பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் பாதியா மடிச்சா, அதுக்குள்ள இந்த ஏரி உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும், மணல் பீச் உண்டு, கலங்கரை விளக்கமும் உண்டு. உப்பு மட்டும்தான் மிஸ்ஸிங்!

ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிற சின்ன ஊர் லடிங்டன். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற கிராண்ட் ராப்பிட்ஸில் என் சித்தப்பா வேலை பார்க்கிறார். செமஸ்டர் லீவில் ஜூலை மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, "டேய், தூங்கித் தூங்கி வீங்காதே. மீன் பிடிக்கப் போலாம் வா" என்று கிளப்பிவிட்டார். வாடகைப் படகில் கேப்டன், ஒரு உதவியாள், எங்களோட சேர்த்து நாலு பயணிகள். கிளம்பின நேரம்? விடிகாலை நாலரை!

மீனுக்கும் ஏ.சி. வேணும்

இருட்டிலேயே உதவியாள் ஸ்பூன்களை எடுத்தார். சாப்பிடுற ஸ்பூன் இல்லை, கரண்டி மாதிரி வளைஞ்ச உலோகத் தகடு. தண்ணீரில் இழுத்தால் அடிபட்ட குட்டி மீன் மாதிரி தள்ளாடும். பெரிய மீன் அதை நம்பிக் கவ்வும். சில ஸ்பூன்களில் இருட்டில் மின்னும் பெயின்ட் இருக்கு. அதன் மேல டார்ச் அடிச்சு 'சார்ஜ்' ஏத்தி உள்ளே விட்டார்.

அடுத்து டவுன்ரிக்கர். படகின் ஓரத்தில் கம்பி சுற்றிய ஒரு கப்பி. கம்பியின் நுனியில் ஐந்து கிலோ சுமாருக்கு ஒரு ஈயக் குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் மாட்டி, குண்டோடு சேர்த்துக் கீழே இறக்குறாங்க. எழுபது அடி வேணுமா, கரெக்டா எழுபது அடியில் ஸ்பூன் ஓடும். மேலே தூண்டில் கம்பு வில்லு மாதிரி வளைஞ்சு நிற்கும். மீன் கவ்வின அடுத்த நொடி கிளிப் விடுபடும், கம்பு 'சட்'டுனு நிமிரும். ஈயம் ஒரு பக்கம், மீனும் நீங்களும் ஒரு பக்கம்.

சரி, எதுக்கு எழுபது அடி? கோடையில் ஏரியின் மேல்தண்ணி வெயிலில் சூடாகி மிதக்கும். அடித்தண்ணி ஜில்லுனு கிடக்கும். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் வெப்பம் மளமளன்னு குறைகிற அடுக்குக்கு தெர்மோக்ளைன் என்று பெயர். சினூக் வகை சால்மனுக்குப் பிடிச்சது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர் எந்த ஆழத்தில் இருக்கோ, அங்கேதான் அது மேயும். லேக் ட்ரவுட் இன்னும் குளிரைத் தேடி, பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும். காற்று மாறினால் ஒரே ராத்திரியில் குளிர்ந்த தண்ணி மேலே ஏறிவிடும். நேத்து மீன் கிடைச்ச ஆழம் இன்னிக்கு உதவாது. அதனால கேப்டன் கண் ஏரியில் இல்லை, சோனார் திரையிலும் தெர்மாமீட்டரிலும்தான்!

படகோட வேகம் மணிக்கு இரண்டரை மைல், அதாவது நாலு கிலோமீட்டர். நடந்தே முந்திடலாம். ஆனால் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஸ்பூனோட ஆட்டம் கெட்டுப்போகும். மிச்சிகன் சட்டப்படி ஆளுக்கு மூணு தூண்டில் போடலாம். எங்க படகுக்குப் பின்னாடி பத்துக்கு மேல் தூண்டில் ஓடியது. சில நேர் கீழே, சில பக்கவாட்டில், சில பலகை மிதவை கட்டித் தூரத்தில். ஒன்றோடு ஒன்று சிக்காமல் ஓட்டுறாங்களே, அதுக்கே ஒரு டிகிரி கொடுக்கலாம்.

அந்தக் குட்டித் துடுப்பு

ஆறு மணி இருக்கும். இடது பக்கக் கம்பு நிமிர்ந்தது. "எடுடா, எடு!" என்று சித்தப்பா கத்த, கம்பு என் கைக்கு வந்தது. ரீல் அலறிக்கிட்டே நூறு மீட்டர் நரம்பை உருவிக்கிட்டுப் போச்சு. இழுத்தேன், அது இழுத்துச்சு. கால் மணி நேரம் கழிச்சு வலைக்குள் விழுந்தது எட்டு கிலோ சினூக். வெள்ளிப் பாளம் மாதிரி ஒரு மினுமினுப்பு!

நான் போட்டோவுக்குப் போஸ் கொடுத்தேன். கேப்டன் குனிஞ்சு, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கிற ஒரு குட்டித் துடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "துடுப்பு முழுசா இருக்கு. ஆத்துல பிறந்த மீன்" என்றார்.

அவர் ஏன் அதைப் பார்த்தார்? அதுக்கு கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

மிச்சிகன் ஏரிக்கும் சால்மனுக்கும் பூர்வத்தில் சம்பந்தமே இல்லை. இங்கே ராஜாவா இருந்தது லேக் ட்ரவுட். நயாகரா அருவியைச் சுற்றிக் கப்பல் போக வெல்லண்ட் கால்வாய் வெட்டினாங்க. அந்த வழியா, விலாங்கு மாதிரி உடம்பும் ரத்தம் உறிஞ்சும் வாயும் கொண்ட லாம்ப்ரே மேல் ஏரிகளுக்குள் புகுந்தது. 1936-ல் மிச்சிகன் ஏரிக்கும் வந்துடுச்சு. லாம்ப்ரே ஒரு பக்கம், அளவில்லாத மீன்பிடிப்பு இன்னொரு பக்கம். 1950-களில் லேக் ட்ரவுட் கதை முடிஞ்சுபோச்சு. தின்ன ஆள் இல்லாததால் ஏல்வைஃப் என்ற, மத்தி மாதிரியான சின்னக் கடல்மீன் கணக்கில்லாமல் பெருகியது. 1967 கோடையில் அது கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்க, பீச் எல்லாம் ஒரே நாத்தம். மெஷின் வெச்சு வாரினாங்க.

1964-ல் மாநில மீன்வளத்துறைப் பொறுப்புக்கு வந்திருந்த ஹோவர்ட் டேனர் ஒரு தடாலடி ஐடியா பண்ணியிருந்தார். மேற்குக் கடற்கரையிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைச்சு, குஞ்சுகளை வளர்த்து 1966 வசந்தத்தில் ஆறுகளில் விட்டார். 1967-ல் சினூக்கும் இறங்கியது. ஏல்வைஃபைத் தின்னு தின்னு கோஹோ கொழுத்துத் திரும்ப, ஊரே பைத்தியம் பிடிச்ச மாதிரி ஏரிக்கு ஓடியது. 1967 செப்டம்பர் 23-ம் தேதி பிளாட் பே பக்கம் புயல் அடிச்சது. சின்னச் சின்னப் படகில் போனவங்களில் ஏழு பேர் இறந்துபோனாங்க. அவ்வளவு வெறி!

தாமதமா வர்ற ஃபீட்பேக்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஒண்ணு தெரியும். ஃபீட்பேக் லேட்டா வந்தா சிஸ்டம் தடுமாறும். இந்த ஏரியின் பிரச்னையே அதுதான். இன்னிக்கு விடுற சினூக் குஞ்சு பெருசாக மூணு வருஷம் ஆகும். விட்டது அதிகமா, குறைவாங்கிறது அப்போதான் தெரியும்.

பக்கத்து ஹூரான் ஏரியில் அந்த விலையைக் கொடுத்தாங்க. வெளிநாட்டுக் கப்பல் தண்ணியோடு வந்த குவாகா, ஸீப்ரா சிப்பிகள் ஏரியை வடிகட்டிக் கண்ணாடி ஆக்கின. பார்க்க அழகு! ஆனால் நுண்ணுயிர் காலின்னா ஏல்வைஃபுக்குப் பட்டினி. இன்னொரு பக்கம், பண்ணையில் விட்ட சால்மனை எண்ணினாங்களே தவிர, ஆறுகளில் தானாகப் பிறந்ததற்குச் சரியான கணக்கு கையில் இல்லை. பிடிபட்ட சினூக்கில் பெரும்பாலானவை ஆத்துல பிறந்தவைன்னு ஆய்வில் தெரிய வந்தபோது காலம் கடந்துடுச்சு. 2003, 2004-ல் ஏல்வைஃப் மொத்தமா சரிஞ்சது. கூடவே சினூக்கும். படகு ஓட்டிப் பிழைச்ச ஊர்களில் மோட்டல் முதல் தூண்டில் கடை வரை அடி.

அதனால்தான் 2010-களில் மிச்சிகன் ஏரியில் பண்ணை சினூக் குஞ்சுகளுக்கு அந்தக் குட்டித் துடுப்பை வெட்டி, மூக்கில் ஒரு மில்லிமீட்டர் கம்பித் துண்டு வெச்சு விட்டாங்க. பிடிபட்டதை எண்ணினால், பாதிக்கும் மேல் துடுப்போடு இருந்தது. 2013-ல் ஏரி முழுக்க விடும் குஞ்சுகளைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைச்சாங்க.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"வந்துச்சு. மீன் இல்லைன்னா எனக்கு கஸ்டமர் இல்லை. ஆனா ஹூரான் பக்கம் படகை வித்தவங்களை எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "குறைவா விட்டா இந்த வருஷம் கஷ்டம். அதிகமா விட்டா எல்லா வருஷமும் கஷ்டம்" என்றார்.

ஒரு ட்விஸ்ட்டும் இருக்கு. ஏல்வைஃபைத் தின்னும் லேக் ட்ரவுட்டுக்கு வைட்டமின் பி1 குறைந்து, அதோட குஞ்சுகள் சாகும். ஹூரானில் ஏல்வைஃப் போனதும், அந்த மண்ணின் மீன் மறுபடி தானாகவே பெருக ஆரம்பிச்சது. சினூக்குக்கு இழவு விழுந்த அதே வருஷங்கள், ட்ரவுட்டுக்குக் கல்யாண வருஷங்கள்!

எங்க கணக்கு அன்னிக்கு மூணு சினூக், ரெண்டு லேக் ட்ரவுட். கொழுப்பில் ரசாயனம் தங்கும் என்பதால் எந்த மீனை எத்தனை தடவை சாப்பிடலாம்னு மாநில அரசே அட்டவணை போட்டிருக்கு. சித்தி தோலையும் கொழுப்பையும் நீக்கிட்டு, மிளகு தூக்கலா போட்டு வறுத்தாங்க. செம!

நீங்க போறதா இருந்தா ஜூலை, ஆகஸ்ட் பெஸ்ட். ஒரு நாள் லைசென்ஸ் கிடைக்கும், ஸ்வெட்டர் முக்கியம். செப்டம்பரில் போனால் லிட்டில் மானிஸ்டீ ஆற்றையும் பாருங்க. பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சினூக்கைக் குறுக்கே தடுப்பு போட்டு நிறுத்தி, முட்டை எடுப்பாங்க. முட்டை போட்டதும் சாகப்போகிற மீன் அது. அதுல எத்தனை முட்டை குஞ்சாகி ஏரிக்குப் போகணும்ங்கிறதை யாரோ ஒருத்தர் மேஜையில் உட்கார்ந்து முடிவு பண்ணணும். அது சரியா, தப்பான்னு மூணு வருஷம் கழிச்சு ஏரி சொல்லும்.