அட்டை மாற்றம்

என்னிடம் இருப்பது 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டை. மாற்றிவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். 2024இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' இதில் ஓடாது. ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிடும் வன்பொருள் அதற்குக் கட்டாயம். பழைய அட்டைகளில் ஒளியும் நிழலும் பெரும்பாலும் ஜாலம். இருப்பதாக நம்பவைக்கும் சாமர்த்தியம். எனக்கென்னவோ அந்த ஜாலத்தின்மேல்தான் மரியாதை. (கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் ருசியை வைத்துத் தீர்மானிக்கிற விஷயமல்ல இது. 'சைபர்பங்க் 2077'இல் ஜனநெரிசல் மிகுந்த கடைத்தெருவுக்குள் நுழைந்தால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. ரெஸல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கிப் பார்த்தேன். அட்டை வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. வேகம் மட்டும் அசையவில்லை. திணறுவது, தெருவில் போகிற ஒவ்வொருவனும் அடுத்த அடி எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நாலு கோர் பிராஸசர். புது அட்டை வந்தாலும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிராஸசரை மாற்றப் போனால் மதர்போர்டு, மெமரி எல்லாம் கூடவே வரும். அது வேறு கம்ப்யூட்டர்.

இப்போதைக்கு வாங்கவில்லை. கூட்டம் குறைந்த தெருக்களாகப் பார்த்து நடக்கிறேன்.